மாப்பிள்ளைக்குப் பாத்த வண்டி

எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பஸ்ஸுல ஏறுனதும் இந்த ஆஸ்பத்திரிக் கவரைப் பாத்துட்டுக் கேக்கறீங்க. உள்ள இருக்கறது அழுக்குத் துணி, எந்தங்கச்சி வூட்டுக்காரரோடது. அவருக்குத்தான் ஆப்பரேசன். முதுகுல சவ்வு பிதுங்கி நரம்பை அமுக்கிருச்சாம். முந்தாநேத்துக் கோயமுத்தூர்ல அறுத்தாங்க, இன்னைக்குப் போயிப் பாத்துட்டு வர்றேன். உசுருக்கு ஒண்ணும் பயமில்ல. ஆனா இனிமே வண்டி ஓட்டற வேலை ஆகவே ஆகாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. அவருக்கு வேலையே வண்டி ஓட்டறதுதானுங்க. அதுதான் எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கறாங்க.

அதுல பாருங்க, நான் பாத்துக் குடுத்த வண்டியாலதான் அவரு முதுகு போச்சாம். எந்தங்கச்சி வளர்மதி சொல்றா. சொல்றதுகூடப் பரவால்லீங்க, ஒரு பார்வை பாக்கறா பாருங்க, அது தாங்காது. அஞ்சு மாசம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கடையப் பூட்டிப்போட்டு ஊரு ஊரா அலைஞ்சவன் நானு. ஒரு பய நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலை.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். நாமக்கல்லு பக்கம் வந்தா ஸ்டிக்கர் குழந்தைவேலுன்னு கேட்டுப் பாருங்க. பத்தொம்பது வருசமா நம்பர் பிளேட்டு எழுதறேனுங்க. லாரி, டிராக்டரு, காரு, எல்லாம் எழுதியாச்சு. நம்பரை ஒருக்காப் பாத்தா அந்த வண்டியோட ஜாதகமே எனக்குத் தெரிஞ்சு போகும். எஞ்சின் பாக்கறது, கியர் பாக்கறது எல்லாம் மெக்கானிக்கு வேலை. எஞ்சின் கெட்டா மாத்திக்கலாம். நம்பரை மாத்த முடியுங்களா? அதைத்தான் மொதல்ல பாக்கோணும். இது எத்தனை பேருக்குத் தெரியுது.

மாப்பிள்ளை பேரு பூபதி. தங்கமான மனுசன், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. கோழிப்பண்ணைக்கு மருந்து விக்கற கம்பெனியில ரெப்பு. காலையில கிளம்புனா ராசிபுரம், பரமத்தி, அங்கிருந்து பல்லடம், உடுமலைன்னு பண்ணை பண்ணையாப் போகோணும். கோழி செத்துப் போச்சுன்னு போன் வந்தா தருமபுரிக்கும் ஓடோணும். மாசம் அஞ்சாயிரம் கிலோமீட்டரு ஆகுமுங்க. ஒம்பது வருசம் இதெல்லாம் பைக்குல. பொறவு இடுப்பு புடிக்குது, காலு மரத்துப் போகுதுன்னாரு. டாக்டருகிட்டப் போனோம். நானும் கூடத்தான் போனேன். நான் இல்லாம அந்த வூட்டுல ஒரு காரியம் நடந்ததில்லீங்க.

டாக்டரு ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு. "பைக்கை இன்னையோட வுட்டுருங்க. பழைய காரா இருந்தாலும் பரவால்ல, ஒண்ணு வாங்கிக்குங்க. சீட்டு நல்லா இருக்கோணும், காலை நீட்டி உக்காரோணும், முதுகு நேரா இருக்கோணும். இல்லைன்னா ஒரு நாளைக்கு உக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்க முடியாமப் போயிரும்"னாரு. வளர்மதி அங்கயே அழுதுட்டா. நான் சொன்னேன், "ஏன் கண்ணு அழுவற, அண்ணன் எதுக்கு இருக்கறேன்? நம்ம மாப்பிள்ளைக்கு வண்டி பாக்கறது என் பொறுப்பு."

பொறுப்புன்னு சொன்னா அது பொறுப்புத்தானுங்க. நான் ஏனோதானோன்னு பண்ற ஆளில்ல. ஈரோட்டுல ஒரு வண்டி பாத்தோம், நல்ல வண்டி, கருப்பு. நெடுந்தூரம் போற ஆளுக்குக் கருப்பு ஆகாது, வேண்டாம்னுட்டேன். சேலத்துல ஒண்ணு, வண்டிக்காரரு செத்துப் போயி அவரு சம்சாரம் விக்குது. அந்தம்மா அழுதுட்டே சாவியக் குடுக்குது, அதை வாங்குவாங்களா யாராச்சும்? பவானியில ஒண்ணு கூட்டுனா நாலு வந்துச்சு. நாலு ராகு. இப்படியே பதினாலு வண்டி. எல்லா வண்டியும் நான்தான் ஓட்டிப் பாத்தேன். மாப்பிள்ளை பக்கத்து சீட்டுல அமைதியா உக்காந்திருப்பாரு. நான் எறங்கி, "இது சரிப்படாதுங்க மாப்பிள்ளை"ம்பேன். "சரிங்க மச்சான்"னுட்டு மறுநாளு மறுபடி பைக்கை எடுத்துட்டுப் பண்ணை லைனுக்குப் போயிருவாரு. அந்த அஞ்சு மாசமும் பைக்குத்தான். அதுல முதுகு கெட்டிருக்கும்னு யாருமே பேசறதில்ல பாருங்க. எல்லாம் நான் எடுத்த காரு மேலதான் பழி.

கரூர்ல ஒரு வண்டி பாத்தோம். அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் வளர்மதி சொல்லிக் காட்டறா. வெள்ளி நெறத்துல பெரிய டீசல் வண்டி. கொசுவலை ஏத்துமதி பண்றவரு ஒருத்தரோடது, சொந்தமா ஓட்டுனது. அந்த மனுசன் கொஞ்சம் முந்திரிக்கொட்டை. நான் வண்டியச் சுத்தி வர்றதுக்குள்ளயே டிரைவர் பக்கம் கதவைத் தொறந்து, "ஏறி உக்காருங்க தம்பி"ன்னு மாப்பிள்ளைய உக்கார வச்சுட்டாரு. சீட்டு பின்னால போகுது, மேல ஏறுது, எறங்குது, என்னென்னமோ பண்ணிக் காட்டறாரு. மாப்பிள்ளை காலை நீட்டிச் சாஞ்சு உக்காந்து கண்ணை மூடிட்டாருங்க. வண்டி பாக்க வந்த எடத்துல யாராச்சும் கண்ணை மூடுவாங்களா? எனக்கு மானமே போச்சு. பத்து நிமிசம் ஆகுது, எறங்கலை. அந்த வூட்டம்மா மோரு கொண்டாந்து குடுக்குது, அதையும் உக்காந்த வாக்குலயே வாங்கிக் குடிக்கறாரு.

நான் பின்னால போயி நம்பரைப் பாத்தேன். மூணு அஞ்சு நாலு அஞ்சு. கூட்டுங்க. பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டு சனிங்க. ரோட்டுலயே கெடக்கற பொழப்பு, அதுக்குச் சனி நம்பரா? நான் கண்ணைக் காட்டுனேன், மாப்பிள்ளை எறங்கலை. கிட்டப் போயிக் காதுல சொன்னேன். அப்பத்தான் அந்த மனுசன் மொத மொத என்னை எதுத்துப் பேசுனாரு. "எட்டா இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க மச்சான். எனக்கு இது நொம்பச் சவுரியமா இருக்குது"ன்னாரு.

சவுரியம். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்துருக்கும்? நான் அவரு உசுரைப் பத்திப் பேசறேன், அவரு சவுரியத்தைப் பத்திப் பேசறாரு. வளர்மதிக்குப் போன் போட்டாரு. அவ என்ன சொன்னா தெரியுங்களா? "அண்ணா, அவரு பொறந்ததே பதினேழாந்தேதி. எட்டு அவருக்கு ஒண்ணும் பண்ணாது"ங்கறா. எனக்கே பாடம். எட்டுக்காரனுக்கு எட்டு சேந்தா இன்னும் மோசம், அது அவளுக்குத் தெரியுமா? நான் கடைசியா ஒண்ணுதான் சொன்னேன். "மாப்பிள்ளை, நீங்க ஓட்டறது வண்டி மட்டும் இல்லீங்க. எந்தங்கச்சி தாலியும் அதுலதான் போகுது. பாத்துக்குங்க"ன்னேன். அதுக்கு மேல யாரு பேச முடியும்? எறங்கிட்டாரு. எறங்கிட்டும் சித்த நேரம் அந்தக் கதவைப் புடிச்சுட்டே நின்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அது வேற ஆளுக்குப் போயிருச்சு. நல்லதாப் போச்சுன்னு நெனச்சுட்டேன்.

அப்புறந்தான் இந்த வெள்ளைக் காரு அமைஞ்சுது. திருச்செங்கோட்டுல. ஆறு ரெண்டு ஒண்ணு அஞ்சு. பதினாலு, அஞ்சு. புதன். வியாபாரத்துக்குன்னே இருக்கற நம்பரு. ஒரே கை ஓட்டுனது, சின்ன வண்டி, கச்சிதம். ஏறி உக்காந்தேன் பாருங்க, எனக்குன்னே தச்ச சட்டை மாதிரி இருந்துச்சு. காலு நேராப் பெடல்ல போயி உக்காருது. கையி தானா ஸ்டீரிங்குக்குப் போகுது. கண்ணாடி ஒண்ணைக்கூடத் திருப்ப வேண்டியதில்ல. மலையச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தேன், எறங்கவே மனசு இல்ல. பின்னால வளர்மதியும் அவ பாப்பாவும் உக்காந்திருந்தாங்க, ஏசி ஜில்லுனு வருதுன்னாங்க. மாப்பிள்ளையக் கேட்டேன், "எப்படிங்க?" "வண்டி அமைதியா இருக்குதுங்க மச்சான். நானும் சித்த ஓட்டிப் பாத்துக்கறேன்"னாரு. மணியப் பாத்தா நாலே கால். ஞாயித்துக்கெழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்குதுங்க. அவரு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா நாலரை தாண்டிரும். அட்வான்ஸை அதுக்குள்ள கையில குடுத்தாத்தான் நல்ல நேரத்துல முடிஞ்ச மாதிரி. "இனி ஆயுசுக்கும் நீங்கதானுங்க மாப்பிள்ளை ஓட்டப் போறீங்க, இப்ப என்ன அவசரம்?"னு சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டேன். நாலு இருவத்தேழுக்குக் கை மாறுச்சு. நம்ம காரியம் அவ்வளவு சுத்தமா இருக்குமுங்க.

நம்பர் பிளேட்டு நானே புதுசா எழுதிப் போட்டேன். எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி எறக்கி, கோட்டை ஆஞ்சநேயர் கோயிலு முன்னாடி பூசை போட்டு, சாவிய அவரு கையில குடுத்தேன். அன்னைக்கு வூட்டுக்கு அவருதான் ஓட்டிட்டு வந்தாரு. எறங்குனதும், "முட்டி ஸ்டீரிங்குல இடிக்குதுங்க மச்சான்"னாரு. நான் சொன்னேன், "புதுச் செருப்புங்கூட மொத நாலு நாளைக்குக் கடிக்கத்தான் கடிக்கும். ஓட்ட ஓட்டப் பழகிருமுங்க." நியாயமான வார்த்தைதானுங்களே?

ஒரு மாசம் கழிச்சு வளர்மதி போன் பண்ணுனா. "அண்ணா, அவரு வந்ததும் வராததுமாத் தரையில படுத்துக்கறாரு. வண்டி அவருக்குப் பத்தலையாம்." பத்தலைன்னா என்னங்க அர்த்தம்? ஓடுதா, ஓடுது. மைலேஜு குடுக்குதா, குடுக்குது. ஆனாலும் நான் சும்மா இருக்கற ஆளில்ல. அடுத்த நாளே முதுகுக்கு வைக்கற மெத்தை ஒண்ணு, நல்ல கனமானது, நாலு விரக்கடை மொத்தம், வாங்கிட்டுப் போயி நானே டிரைவர் சீட்டுல கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை அதைப் பாத்துட்டு, "இன்னும் முன்னாடி தள்ளுமுங்களே மச்சான்"னு மொனகுனாரு. "முதுகுக்குத்தானுங்க வலி, முதுகுக்குத்தான் மெத்தை"ன்னு சொல்லிட்டு வந்தேன். எத்தனை தடவைதான் ஒருத்தருக்கு நல்லது பண்றது, சொல்லுங்க.

ஏழு மாசம் ஓட்டுனாருங்க. அந்த வண்டியில ஒரு கீறலு உண்டா? ஒரு பஞ்சரு உண்டா? ஒரு நாளைக்கு நடுரோட்டுல நின்னுச்சா? எல்லாம் அந்த அஞ்சாம் நம்பரு. இதை எங்கயாச்சும் எவனாச்சும் சொல்றானா பாருங்க. போன வியாழக்கெழமை உடுமலைப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருக்கறாரு. வண்டிய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருக்கறாரு. போன் பேசறாராட்ட இருக்குதுன்னு பண்ணைக்காரங்க நெனச்சிருக்கறாங்க. அரை மணி நேரம் கழிச்சுப் போயிக் கண்ணாடியத் தட்டுனா, "காலை அசைக்க முடியலைங்க, சித்தத் தூக்கி வுடுங்க"ன்னு கேட்டாராம். கோழி ஏத்தற ஆளுங்க நாலு பேரு வந்து, மடிஞ்சு உக்காந்தவரை மடிஞ்ச வாக்குலயே வெளிய எடுத்தாங்களாம். ஆம்புலன்ஸு வச்சுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. பண்ணையில வேலை பாக்கற ஒருத்தரு காரை எடுத்துட்டுப் பின்னாலயே வந்து ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்தற செட்டுல வுட்டுட்டுப் போயிருக்கறாரு. நல்ல மனுசங்க.

கம்பெனிக்காரன் மூணாம் நாளே லைனை வேற ஆளுக்குக் குடுத்துட்டான். உக்காந்து பாக்கற வேலை ஏதாச்சும் இருந்தாச் சொல்றோம்னு சொல்லியிருக்கறானாம். சொல்லுவான், நம்பிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

இன்னைக்குப் போகும்போது நான் எல்லாத்தையும் மனசுல அடுக்கி வச்சுட்டுத்தான் போனேன். கேட்டுரோணும். ரெண்டுல ஒண்ணு பேசிரோணும். அஞ்சு மாசம் அலைஞ்சனே, அதுக்கு இதுதானா மரியாதைன்னு கேக்கோணும். உள்ள போனா வளர்மதி மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிட்டா. மாப்பிள்ளை, "வாங்க மச்சான்"னு படுத்த வாக்குலயே கையெடுத்துக் கும்புட்டாரு. பேச வாயெடுக்கறேன், உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற புள்ளை ஒண்ணு வந்து, "இன்னைக்கு நிக்கோணும் சார்"னு சொல்லி இடுப்புக்குப் பட்டையா ஒரு பெல்ட்டைக் கட்டுச்சு. குனியவே முடியாத மாதிரி கெட்டிப் பெல்ட்டு. நான் ஒரு பக்கம் புடிச்சேன், அந்தப் புள்ளை ஒரு பக்கம். மாப்பிள்ளை மெதுவா எந்திரிச்சாருங்க.

எந்திரிச்சாரு. எந்திரிச்சுட்டே இருந்தாருங்க. என்னடா இதுன்னு பாக்கறேன், என் கண்ணுக்கு நேரா அவரு சட்டையோட ரெண்டாவது பொத்தான் இருக்குது. மூஞ்சியப் பாக்கோணும்னா நான் அண்ணாந்து பாக்க வேண்டியிருக்குது. பதினோரு வருசமா மாப்பிள்ளைங்க. எத்தனை விசேசம், எத்தனை பந்தி, பக்கத்துல பக்கத்துல நின்னிருக்கறோம். எப்பவும் என் முன்னாடி தோளைச் சுருக்கிக் கொஞ்சம் குனிஞ்சுதான் நிப்பாரு. மூத்தவங்க முன்னாடி எப்படி நிக்கோணும்னு தெரிஞ்ச மாப்பிள்ளைன்னு நானே ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கறேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நீங்க இத்தனை உசரமா?"ன்னு கேட்டுட்டேன். வாயில அதுதான் வந்துச்சு.

"ஆமாங்க மச்சான். ஆறடி ரெண்டங்குலம்"னாரு.

வளர்மதி அப்பத்தான் திரும்பிப் பாத்தா. நான் அஞ்சடி மூணுங்க. ரெண்டு எட்டு நடக்க வச்சு, திரும்பப் படுக்க வச்சோம். படுத்த பொறவு மாப்பிள்ளை தலகாணிக்கு அடியில இருந்து கார் சாவிய எடுத்து நீட்டுனாரு. "செட்டுலயே சும்மா நிக்குதுங்க மச்சான். நீங்க எடுத்துட்டுப் போயிருங்க, நீங்களே வச்சுக்குங்க. உங்களுக்குச் சரியா இருக்குமுங்க"ன்னாரு. கோவத்துல சொல்லலைங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், ஆறியிருக்கும். அவரு நெசமாலுமே அது எனக்குச் சவுரியமா இருக்குமேன்னுதான் சொல்றாரு. அதுதான் என்னால தாங்க முடியலை.

சரின்னு வாங்கிட்டு வந்தேன். கதவைத் தொறந்து உக்காந்தேன். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி வச்சிருந்தாரு, கொண்டாந்த ஆளுங்கூட அதை மாத்தலை. நான் கட்டுன மெத்தை இருந்தும் என் காலு பெடலுக்கு எட்டலை. ஸ்டீரிங்குக்கு அடியில, வலது முட்டி வர்ற எடத்துல, துண்டை நாலா மடிச்சுச் சணல் கயித்தால இறுக்கிக் கட்டியிருந்தாரு. துண்டு அந்த எடத்துல நைஞ்சு போயிக் கெடக்குது. எதேச்சையா மேல பாத்தேன். கூரையில வெளுப்பாத் துணி ஒட்டியிருக்குமில்லீங்க, அதுல ஒரு கறை. எண்ணெய்க் கறை, சோத்துத் தட்டம் அளவுக்கு. தலை ஒரசி ஒரசி வந்ததுங்க. சீட்டுக்கு நேர் மேலகூட இல்ல, எடது பக்கம் ஒரு அரை அடி தள்ளி இருந்துச்சு. நிமிர எடமில்லாம, இத்தனை மாசமும் அந்த மனுசன் கழுத்தை ஒரு பக்கமாச் சாச்சு வச்சுட்டே ஓட்டியிருக்கறாரு. நான் நிமிந்துதான் உக்காந்திருந்தேன். என் தலைக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு சாணுக்கு மேல எடம் இருந்துச்சுங்க.

செட்டுக்காரரு வந்து, "வண்டிய எடுக்கறீங்களா, இல்லையா?"ன்னு கேட்டாரு. இல்லைங்கன்னு சொல்லி, பூட்டிட்டு, நடந்து வந்து இந்த பஸ்ஸு ஏறிட்டேன்.

அடிக்குதுங்க, எம் போனுதான். வளர்மதி. வண்டி இன்னும் இங்கயே நிக்குதே, ஏண்ணா எடுக்கலைன்னு கேப்பா. என்னான்னு சொல்றது? அது அடிச்சு ஓயட்டும், நீங்க அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வுடுங்க.